மூலையோடு மூலை மடித்த ஜாதகம்

எட்டில் செவ்வாய். இது புரிகிறவர்களுக்கு என் கதையில் பாதியைச் சொன்ன மாதிரி. புரியாதவர்களுக்காக மீதியையும் சொல்கிறேன். ஒரு பெண்ணின் ஜாதகத்தில் லக்னத்திலிருந்து எண்ணி எட்டாவது வீட்டில் செவ்வாய் உட்கார்ந்திருந்தால், அவளைக் கட்டிக்கொள்கிறவன் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பெரியவர், எத்தனை பேரை எண்ணிப் பார்த்துவிட்டு அப்படி எழுதினார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன்னை எம்.எஸ்.ஸி. வரைக்கும் படிக்க வெச்சது என் தப்பு" என்றார் அப்பா.

என் பெயர் வாலாம்பாள். நான் சொல்லப்போகிற சமாசாரம் நடந்த 1969-இல் எனக்கு இருபத்தைந்து வயது. மாதுங்காவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பஞ்சாபகேசன் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சீனியர் க்ளார்க். அதனால் வரப்போகிற மாப்பிள்ளையின் ஆயுளைப் பற்றி மற்ற அப்பாக்களைவிட அவருக்குக் கவலை அதிகம். அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள், செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருந்தாள், என்னையும் பட்டினி போட்டாள். என் ஜாதகம் தபாலில் போகும், கொஞ்ச நாளில் திரும்பி வரும். சொஜ்ஜி பஜ்ஜி வரைக்கும் விஷயம் ஒருபோதும் வந்ததில்லை.

முதலில் அழுதேன். பிறகு அழுகை அலுத்துப்போயிற்று. மாப்பிள்ளை கிடைக்கும்வரை படிக்கட்டும் என்று காலேஜில் சேர்த்தார்கள், கிடைக்கவில்லை, மேலே படித்தேன். கிடைக்கும்வரை வேலைக்குப் போகட்டும் என்றார்கள், போனேன். மாதுங்காவில் இவ்வளவு தூரம் வந்த பெண்கள் ரொம்பக் கிடையாது. என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது செவ்வாய்தான் என்று ரயிலில் குர்லாவில் வண்டி மாறும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வேலை செம்பூரில். 'மத்திய வடிவக் கணிப்பு நிலையம்' என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே ஒரு ஹால் நிறைய ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ப்ளாட்டர் என்று ஒரு படம் வரையும் மெஷின். காகிதம் சுற்றிய உருளை முன்னும் பின்னும் புரளும், மேலே பேனா குறுக்கே ஓடும், கோடு விழும். ஹாலில் ஏ.ஸி. உண்டு. அது மெஷினுக்காக. அதன் தயவில் நாங்களும் வேர்க்காமல் இருந்தோம்.

படப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் பிரணதார்த்தி. அமெரிக்காவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். "அங்கே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்வதையெல்லாம் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுவீர்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்த முதல் ஆண்பிள்ளை அவர்தான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே திரும்பி, "நீங்க என்ன நினைக்கறேள்?" என்பார். அதற்காகவே நான் நினைப்பதற்கு நிறைய விஷயம் சேர்த்து வைத்துக்கொண்டு போவேன்.

எங்கள் வேலையின் சூட்சுமம் மேட்ரிக்ஸ் என்கிற ஒன்று. நாலுக்கு நாலு கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். ஒரு விமானத்தின் படத்தை அந்தக் கட்டத்தால் பெருக்கினால் விமானம் திரும்பும், பெரிதாகும், தள்ளிப்போகும். ஆனால் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் கட்டம் என்று ஒன்று கிடையாது. அங்கே எல்லாம் ஒரே நீள வரிசைதான். கட்டத்தைக் குறுக்கே குறுக்கே அள்ளி வரிசையில் நிறுத்தினோமா, நெடுக்கே நெடுக்கே அள்ளி நிறுத்தினோமா என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு இதை நான் சபாக் கச்சேரியை வைத்து விளக்கினேன். நாலு வரிசை, வரிசைக்கு நாலு நாற்காலி. இடைவேளையில் முதல் வரிசை, அடுத்த வரிசை என்று எழுந்து எல்லோரும் காபிக்கு ஒரே க்யூவாக நிற்கிறார்கள். திரும்பி வரும்போதும் அதே க்யூதான். ஆனால் வாசலில் நிற்கிற வாலண்டியர் அவர்களைக் குறுக்கே நிரப்பாமல் முன்னாலிருந்து பின்னாலாக நிரப்பி உட்கார வைத்துவிடுகிறான். ஆள் ஒன்றும் குறையவில்லை. ஆனால் பாதிப் பேர் அடுத்தவர் பெண்டாட்டி பக்கத்தில் இருப்பார்கள். முன் மூலையிலிருந்து பின் மூலைவரை சரிவாக உட்கார்ந்திருந்த நாலு பேர் மட்டும் தங்கள் நாற்காலியிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. "கச்சேரிக்கு யார் அப்படி வாலண்டியரை வெச்சா?" என்று கேட்டாள் அம்மா.

எங்கள் ஆபீசில் வைத்திருந்தார்கள். நாங்கள் உபயோகித்த ஃபோர்ட்ரான் நெடுக்கே அள்ளுகிற கம்ப்யூட்டர் பாஷை. டாக்டர் அமெரிக்காவில் குறுக்கே அள்ளிப் பழகியவர். அதனால் விமானத்தை வலப்பக்கம் திருப்பச் சொன்னால் இடப்பக்கம் திரும்பியது. டாக்டர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆங்கிளுக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டுடுங்கோ" என்றார். போட்டோம், வலப்பக்கம் திரும்பியது. பாலத்துக்கு ஒரு மைனஸ், கப்பலுக்கு ஒரு மைனஸ் என்று வருஷம் ஓடிற்று. சரியாக வந்துவிட்ட பிறகு ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை, எனக்கும் அப்போது இல்லை.

அந்த சமயத்தில் டில்லியிலிருந்து ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி வருவதாகத் தகவல் வந்தது. இரண்டாவது ப்ளாட்டருக்கு அவர்தான் சான்க்‌ஷன் கொடுக்க வேண்டும். தஞ்சாவூர்க்காரர், ஜோசியப் பைத்தியம் என்று டாக்டர் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

"விமான இறக்கையைக் காட்டினா கொட்டாவி விடுவார்" என்றார் டாக்டர். "ராசிக் கட்டம் போட்டுக் காட்டுவோம். யோசிச்சுப் பாருங்கோ, நம்ம ஜாதகமே நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ்தானே. நடுவில நாலு காலி, சுத்தி பன்னெண்டு வீடு."

"நீங்க ஜாதகம் நம்பறேளா?" என்று கேட்டேன்.

"நானா? சயன்டிஸ்ட் எப்படி நம்புவான்? எல்லாம் அம்மாவுக்காக."

பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் கிரகங்கள் எங்கே இருந்தன என்று மெஷின் கணக்குப் போடும். அந்தக் கணக்கை ஒரு வானசாஸ்திரக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார், அது அப்பழுக்கில்லாத கணக்கு. கிரகங்களைக் கட்டத்தில் வைத்து வரைகிற பகுதியை டாக்டர் தானே எழுதி, வரிக்கு ஒரு கார்டாகத் துளை போட்டு அடுக்கினார். சோதனைக்கு முதலில் தன் ஜாதகத்தையே ஓட்டினார். அவர் பங்குனி உத்திரத்தில் பிறந்தவர். மீனத்தில் சூரியன், கன்னியில் சந்திரன். இரண்டும் அதனதன் மூலையில் வந்து விழுந்தன. டாக்டர் அந்தக் காகிதத்தை வேண்டியதற்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "பக்கா" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இப்போ உங்களோடதைப் போடுவோம்" என்றார் என்னைப் பார்த்து.

ப்ளாட்டரைக் கவனிக்கிறவன் சலாவுதீன். தாராவியிலிருந்து வருகிறவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவன் பேனாவைக் கழற்றி ஆட்டிப் பார்த்தான். "செவப்பு மசி தீரப் போவுது மேடம். செவ்வாய்க்குச் செவப்புதான் போடணும்னு டாக்டர் சொல்லுதாரு. பச்சையில போட்டா அந்தச் செவ்வாய் கோவிச்சுக்கிடுவாரா?"

"இருக்கிறதே போதும், அவரை மேலே சீண்டாதே" என்றேன்.

நான் புரட்டாசிப் பௌர்ணமியில் ரேவதி நட்சத்திரத்தில் பிறந்தவள். கன்னியில் சூரியன், மீனத்தில் சந்திரன், எல்லாம் சரியாக வந்தது. கடைசியாகச் சிவப்புப் பேனா இறங்கியது. நான் பிறந்தது முதல் எட்டாவது வீடான ரிஷபத்தில் குடியிருந்த என் செவ்வாய், மெஷின் காகிதத்தில் மகரத்தில் உட்கார்ந்திருந்தது. லக்னத்திலிருந்து எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

மாதமும் நட்சத்திரமும் சரியாக இருக்கிறது, ஆகவே மற்றதும் சரி. அப்படித்தான் நான் நினைத்தேன். கும்பகோணத்தில் யாரோ பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கைவிட மெஷின் போடுகிற கணக்கு எவ்வளவோ மேல் என்றும் நினைத்தேன். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

அம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "ஆறுலன்னா இருக்கு, அதுவும் உச்சத்துல. இத்தனை வருஷம் என் குழந்தையை வயத்துல கயத்தைக் கட்டிப் பட்டினி போட்டேனே." கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சாம்பமூர்த்தி ஜோசியரை வரவழைத்தார்கள். எங்கள் வீட்டில் பரிகாரம் செய்தே தன் வீட்டு ரேழிக்கு மொசைக் போட்டவர் அவர். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது திருக்கணிதம்" என்றார். "கும்பகோணத்துல போட்டது வாக்கியப் பஞ்சாங்கம். வித்தியாசம் வரத்தான் செய்யும். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துது."

"லக்னமே மாறியிருக்கே, துலாம் போய் சிம்மம் வந்திருக்கே" என்றார் அப்பா.

"கடியாரப் பிசகு. ஆஸ்பத்திரிக் கடியாரத்தை யார் நம்பினா?"

அப்பா ஆபீஸ்காரர். ஒரு விஷயத்துக்கு மேலிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குக் கீழே எதுவும் எழுதமாட்டார். பழைய ஜாதகத்தைப் பீரோவுக்கு அடியில் தள்ளி, "பைல் க்ளோஸ்டு" என்றார்.

அடுத்த வாரமே செம்பூரிலிருந்து டாக்டரின் அம்மா வந்தாள். மாதுங்காவில் வாழைப்பூ வாங்க வந்ததாகச் சொன்னாள். வாழைப்பூவுக்கு மயில்கண் பட்டுப்புடவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "எங்க ஆத்துல இவன் பேச்செல்லாம் உங்க பொண்ணைப் பத்தித்தான்" என்றாள். முப்பத்துநாலு வயதுவரை பிள்ளைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அம்மா சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, "எத்தனையோ வந்தது மாமி, அவனுக்குப் படிப்பு படிப்புன்னு போயிடுத்து" என்றாள். பையிலிருந்து மாப்பிள்ளையின் ஜாதகத்தை எடுத்து வைத்தாள். அதுவும் மெஷின் காகிதத்தில்தான் இருந்தது. சாம்பமூர்த்தி ஜோசியர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே தறியில் நெய்தது மாதிரி இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

நான் சந்தோஷமாக இருந்தேன். ஆபீசில் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கார்டு தவறிக் கீழே விழுந்தது. சலாவுதீன் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஜாயின்ட் செக்ரட்டரி வந்தார். பிறந்த நேரத்தைக் கொடுத்தார், ப்ளாட்டர் ஓடியது, காகிதம் கைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"நான் ஆவணி அவிட்டத்தன்னிக்குப் பிறந்தவன் ஆச்சே" என்றார். "சூரியன் சிம்மத்துல இல்லையோ இருக்கணும்? இதுல துலாத்துல இருக்கு. அப்படீன்னா ஐப்பசி ஆயிடறதே."

"சார், இது திருக்கணிதம்" என்றார் டாக்டர் கொஞ்சமும் தயங்காமல். "அங்கே நாசாவில உபயோகிக்கிற அதே கணக்கு."

திருக்கணிதத்துக்கும் வாக்கியத்துக்கும் நாழிகைக் கணக்கில் வித்தியாசம் வரும். இரண்டு மாசம் வராது. இது அந்த அதிகாரிக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் அத்தனை பெரிய மெஷின், அத்தனை சிவப்பு விளக்கு, சுற்றிலும் அத்தனை கோட்டுக்காரர்கள். "அம்மாகிட்ட ஒரு தடவை விசாரிக்கறேன்" என்று சொல்லிக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தன்னைப் பெற்றவளுக்கு மாசம் மறந்துபோயிருக்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. இரண்டாவது ப்ளாட்டருக்கு சான்க்‌ஷன் ஆயிற்று.

சிம்மம் துலாமாக மாறுகிறது. என் லக்னம் துலாமிலிருந்து சிம்மமாக மாறியது. நான் நேராகப் போய் டாக்டர் எழுதிய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். நாற்காலி, க்யூ, வாலண்டியர், எல்லாம் அப்படியே இருந்தது. குறுக்கே நிரப்பியதை நெடுக்கே எடுத்திருந்தார். ராசிக் கட்டத்தில் மேல் இடது மூலையில் மீனம், கீழ் வலது மூலையில் கன்னி. அந்தச் சரிவில் இருக்கிறவர்கள் நகரமாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள். டாக்டருடைய சூரியனும் சந்திரனும் மூலையில், என்னுடைய சூரியனும் சந்திரனும் மூலையில். அதனால்தான் எங்கள் இரண்டு பேர் ஜாதகமும் பார்க்கச் சரியாக இருந்தது. என் செவ்வாய் எட்டை விட்டு எங்கும் போகவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிடித்த மனுஷன் புருஷனாக வருவார். திறந்தால் போய்விடுவார். ஒரு ராத்திரி முழுக்க மூடிக்கொண்டிருந்து பார்த்தேன். தோஷத்தை நம்பாத எனக்கு, அதை மறைக்கவும் மனசு வரவில்லை. நான் நம்பாவிட்டாலும் நம்புகிற ஒருத்தி அந்தக் காகிதத்தை நம்பித் தன் பிள்ளையைக் கொடுக்கிறாளே. சனிக்கிழமை காலை டாக்டரின் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் நடுங்கியது.

அவர் நிதானமாகக் கேட்டார். "தப்புன்னு சொல்ல முடியாது" என்றார். "இது கன்வென்ஷன். சில பேர் குறுக்கே, சில பேர் நெடுக்கே. அங்கேயும் இப்படித்தான்."

"ஆனா செவ்வாய் ஒரு இடத்துலதானே இருக்க முடியும்?"

"கல்யாணம் முடியட்டும், நிதானமா மாத்திக்கலாம். இல்லேன்னா எங்கேயாவது ஒரு மைனஸ் போட்டுக்கலாம்." சிரித்தார். "இதெல்லாம் நாம நம்பறோமா என்ன, வாலா?"

வாலா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது இனித்தது. இனித்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. பாவம், இப்போதுதான் தெரிந்திருக்கிறது, திகைத்துப்போய் ஏதோ சொல்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஹாலில் பாய், ஜமுக்காளம், சொஜ்ஜி, பஜ்ஜி, சாம்பமூர்த்தி ஜோசியர் எல்லாம் தயாராக இருந்தன. டாக்டர் சில்க் ஜிப்பாவில் வந்து உட்கார்ந்தார். அவர் அம்மா என் ஜாதகத்தை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "கம்ப்யூட்டரே எழுதினது" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்த எதிர் வீட்டு மாமிக்குக் காட்டினாள்.

நான் நமஸ்காரம் செய்துவிட்டு எழுந்து நின்றேன். "மாமி, அந்த ஜாதகம் தப்பு" என்றேன். "என் செவ்வாய் எட்டுலதான் இருக்கு."

அம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாதான் முதலில் பேசினார். "அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, ஏதோ சொல்றா. மெஷின் சுத்தம்னு சொல்லிடுத்து. உனக்கு ஏண்டி இந்த அப்பீல்?"

"ஏண்டா பிரணதா, மெஷின் தப்பு பண்ணுமா?" என்று கேட்டாள் டாக்டரின் அம்மா.

"மெஷின் தப்பே பண்ணாதும்மா" என்றார் டாக்டர். அது உண்மைதான்.

நாற்காலிக் கதையை இவர்களிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாமியின் மடியிலிருந்த காகிதத்தை எடுத்தேன். மீன மூலையிலிருந்து கன்னி மூலைவரை சரிவாகக் கோடு விழும்படி மடித்தேன். மடித்தால் கட்டத்தின்மேல் கட்டம் பிசகாமல் உட்காரும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மகரத்தில் இருந்த சிவப்புச் செவ்வாய் எதிர்ப்பக்கத்தில் ரிஷபத்தின்மேல் போய் விழுந்தது. சிம்ம லக்னம் துலாமின்மேல் விழுந்தது.

"இங்கேருந்து எண்ணுங்கோ மாமா" என்றேன் ஜோசியரிடம்.

அவர் விரலை வைத்து எண்ணினார். எட்டு. அப்பா பீரோவுக்கு அடியிலிருந்து பழைய ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தார், எடுத்துக் கொடுக்கும்போது பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். அதிலும் எட்டு. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்தபோதும் பேசியது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரின் அம்மா எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. தன் பிள்ளையின் ஜாதகத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆனால் சாம்பமூர்த்தி ஜோசியருக்குப் புது வித்தை கைக்கு வந்துவிட்டது. "அதையும் கொடுங்கோ, மடிச்சுப் பாப்போம்" என்று அவள் கையிலிருந்து உருவினார். மீனத்திலிருந்து கன்னிவரை சரிவாக மடித்தார், ஜன்னலில் பிடித்தார், எண்ணினார்.

"அடடே" என்றார். "மாப்பிள்ளைக்கும் எட்டு."

டாக்டரின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். "இவனுக்கும் எத்தனையோ இடம் இதனாலேயே தட்டிப்போச்சு. மெஷின்ல ஆறுன்னு வந்ததும், பகவானே பாத்துப் போட்டதுன்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் முன்பு இழவு வீடு மாதிரி இருந்த ஹால் கல்யாண வீடாகிவிட்டது. செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம்தான் சரியான ஜோடி, ஒன்றை ஒன்று வெட்டிவிடும், இதைவிடப் பொருத்தம் லோகத்தில் கிடையாது என்று ஜோசியர் தொடையைத் தட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது ஈடு பஜ்ஜி போட ஓடினாள். இரண்டு அம்மாக்களும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றியதை மன்னித்துக்கொண்டார்கள். தப்புக்கு எதிர்த்தப்பு ஒரு மைனஸ் போட்டாயிற்று, விமானம் வலப்பக்கம் திரும்பிவிட்டது.

நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. ப்ளாட்டர் பக்கத்தில் தன் காகிதத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததும், மடித்துச் சட்டைப்பையில் போட்டதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் செவ்வாய் எட்டில் இருப்பது முப்பத்துநாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் ரன்லேயே தெரியும்" என்றார். ஏதோ பரிசு வாங்கினதைச் சொல்கிற மாதிரி அடக்கமாகச் சொன்னார். "ஆறுன்னு வந்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். சின்ன விஷயம், ஒரே ஒரு கார்டு. உனக்கும் எட்டுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே. ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு விட்டேன். நீ பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நேத்து நான் வந்து சொன்னப்போ?"

"நீயே கண்டுபிடிச்சது எனக்குப் பெருமையா இருந்தது."

தெரியாமல் செய்தார் என்று நினைத்து ஒரு ராத்திரி தூங்காமல் நான் அவருக்காகப் பரிதாபப்பட்டிருந்தேன். தெரிந்தே செய்துவிட்டு, என் நடுங்குகிற குரலைக் கேட்டுக்கொண்டு, கன்வென்ஷன் என்று சொல்லி, அதோடு வாலா என்றும் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அவமானத்தில் காது கொதித்தது. "நீங்க என்ன நினைக்கறேள்" என்று அவர் கேட்டதெல்லாம், நான் எதுவரை கண்டுபிடித்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தானோ என்று தோன்றியது. ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இனிமேல் அது தெரியவே போவதில்லை.

"எனக்கு வேண்டாம்பா" என்றேன்.

"என்ன வேண்டாம்?" என்றார் அப்பா, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு.

"இந்தக் கல்யாணம்."

"இன்னும் என்னடி தோஷம்? ரெண்டு பேருக்கும் சரிக்குச் சரி இருக்கே. ஜோசியர் சான்க்‌ஷன் பண்ணிட்டாரே."

"தோஷம் ஒண்ணும் இல்லைப்பா. எனக்குத்தான் வேண்டாம்."

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ, அடுப்பைத் தணித்துவிட்டுச் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். சாம்பமூர்த்தி ஜோசியர் மட்டும் என் காகிதத்தை மறுபடி எடுத்து விரித்தார். மடித்தும் பார்த்தார், பிரித்தும் பார்த்தார். இந்தப் பெண் வேண்டாம் என்கிறாளே, அது எந்த வீட்டில் இருக்கிறது என்று பன்னிரண்டு கட்டத்திலும் தேடினார். கிடைக்கவில்லை. இதுவரை என் கல்யாணத்தை நிறுத்தினதெல்லாம் செவ்வாய்தான். அன்றைக்கு நிறுத்தியது நான்.

திங்கட்கிழமை காலை குர்லாவில் வண்டி மாறி ஆபீசுக்குப் போனேன். டாக்டர் வரவில்லை. அந்த ஒரு கார்டை வெளியே எடுத்துவிட்டு வேறு கார்டு அடித்துச் செருகினேன். சலாவுதீனிடம் புதுச் சிவப்பு மசிப் புட்டியைக் கொடுத்து என் ஜாதகத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். பேனா போய் ரிஷபத்தில் இறங்கியது.

"மறுபடியும் எட்டுக்கே வந்துட்டாரே மேடம்" என்றான் சலாவுதீன், வருத்தமாக.

"அவர் வீடு அதுதான்" என்றேன்.

அந்தக் கார்டை மாற்ற எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. விமானத்திலும் பாலத்திலும் கப்பலிலும் அவர் போடச் சொல்லி நாங்கள் போட்டு வைத்த மைனஸ்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கத்தான் அந்த வருஷம் முழுக்க ஆயிற்று.